செப்டம்பர் 15 இரவு விருந்து: தெருச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மெக்சிகோவின் புவெப்லா நகரில் நம் தெருச் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். தெருவிளக்கு, குடிநீர் பற்றிய தீர்மானங்கள் சென்ற கூட்டத்திலேயே நிறைவேறிவிட்டன. எனவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி சுதந்திர நாளுக்கு முந்தைய இரவு நாம் வைக்கும் விருந்தையும், அதன் முக்கியப் பண்டமான சிலேஸ் என் நொகாதாவையும் பற்றியது. பெரிய பச்சை மிளகாயில் இறைச்சியும் பழமும் அடைத்து, மேலே வால்நட் அரைத்த கெட்டிச் சாறு ஊற்றுவது அது. அடுத்த முறை அடுப்படியில் நிற்கப்போகிறவர்கள் இதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு விருந்தினர் பலர் மே 5-ஐ மெக்சிகோவின் சுதந்திர நாள் என்று நினைக்கிறார்கள். அது 1862-இல் ஜெனரல் இக்னாசியோ சரகோசாவின் படை, இதே ஊரில் பிரெஞ்சுப் படையை முறியடித்த நாள். ஸ்பெயினுக்கு எதிரான சுதந்திரப் போர் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. 1810 செப்டம்பர் 16 விடியற்காலையில் தொலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகேல் இதால்கோ கோயில் மணியை அடித்து மக்களைத் திரட்டினார். மறு ஆண்டு ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போர் முடிய 11 ஆண்டுகள் ஆயின. 1821 செப்டம்பர் 27-இல் அகுஸ்தின் தெ இத்துர்பிதே தலைமையில் படை மெக்சிகோ நகருக்குள் நுழைந்தது. சமயத்துக்கு வெள்ளை, விடுதலைக்குப் பச்சை, ஒற்றுமைக்குச் சிவப்பு என்று அந்தப் படை ஏந்திய மூன்று நிறங்களே இன்றைய கொடியிலும் இருக்கின்றன.

சிலேஸ் என் நொகாதாவின் பச்சை மிளகாய், வெள்ளை வால்நட் சாறு, சிவந்த மாதுளை முத்து ஆகியவையும் அதே நிறங்கள்தாம். 1821 ஆகஸ்ட் 28, புனித அகுஸ்தின் திருநாளில், நம் ஊர் சாந்தா மோனிகா மடத்துக் கன்னியர் இத்துர்பிதேக்காக இதைச் செய்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. முதலில் ஸ்பெயின் மன்னருக்காகப் போரிட்டவர், பிறகு பேரரசராக முடிசூடியவர், 1824-இல் மரண தண்டனை பெற்றவர் அவர். இதால்கோவின் அழைப்பை நினைவுகூர்ந்து செப்டம்பர் 15 இரவு ஆட்சியாளர்கள் மாடத்தில் நின்று இதால்கோ, மொரேலோஸ், ஹோசெஃபா ஓர்த்திஸ் என்று சுதந்திரப் போர் வீரர்களைப் பெயர் சொல்லி வாழ்த்தும்போது இத்துர்பிதேயின் பெயர் வருவதில்லை. பண்டம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெருமை அடுப்படியில் நின்ற கைகளுக்கே உரியது என்பது என் கருத்து.

இனி சமையல். பத்து குறைகள் வந்தால் அதில் எட்டுக்குக் காரணம் வால்நட்தான். பொப்போகத்தேபெட்ல் மலையடிவாரத்தில், கால்பான் பக்கத்துத் தோட்டங்களில் ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரைதான் புதுக் கொட்டை கிடைக்கும். ஓட்டை உடைத்ததும் பருப்பின் மேல் ஈரமான மெல்லிய தோல் இருக்கும். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஈரத் தாள்போல உரிந்து வரும். மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் துணுக்கை ஊசி முனையால் எடுக்க வேண்டும். ஒரு துணுக்கு தங்கினாலும் சாறு கசக்கும், நிறமும் பழுப்பாகிவிடும். உரித்த பருப்பை உடனே குளிர்ந்த பாலில் போடுங்கள். காற்றில் விட்டால் கருக்கும். காய்ந்த வால்நட் என்றால் கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, சூடு ஆறுவதற்குள் உரிக்க வேண்டும். ஆனால் அதன் சுவை புதுக் கொட்டைக்கு ஈடாகாது.

பன்னிரண்டு மிளகாய்க்கு உரித்த வால்நட் 300 கிராம், தோல் நீக்கிய பாதாம் 100 கிராம், ஆட்டுப்பால் சீஸ் 200 கிராம், பாலில் நனைத்த ரொட்டித் துண்டு ஒன்று, பால் ஏறக்குறைய 350 மில்லி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு, துளி பட்டைத்தூள் போதும். எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கும்போது பாலை ஒரே வீச்சில் ஊற்றாதீர்கள். சாறு கரண்டியின் முதுகில் கெட்டியாகப் படிய வேண்டும். அதை அடுப்பில் ஏற்றவே கூடாது, எண்ணெய் பிரிந்துவிடும்.

அடைப்பதற்கான பெரிய பச்சை மிளகாயான பொப்லானோவை நேரடித் தீயில் தோல் கருகிக் கொப்புளிக்கும்வரை சுட்டு, துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வேர்க்க விடுங்கள். அதற்கு மேல் வைத்தால் சதை குழைந்து, உரிக்கும்போது கிழியும். குழாயடியில் கழுவினால் சுட்ட மணம் போய்விடும். காம்பை விட்டுவைத்து, ஒரு பக்கம் கீறி, விதையையும் நரம்பையும் எடுங்கள். காரம் அதிகமாக இருந்தால் உப்பும் வினிகரும் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறட்டும்.

உள்ளீட்டுக்குக் கையால் நறுக்கிய பன்றி, மாட்டு இறைச்சி முக்கால் கிலோ. வெங்காயம், பூண்டு வதங்கியதும் இறைச்சி, பிறகு தக்காளி அரைக் கிலோ. நீர் முழுதும் வற்றிய பின்பே ஆப்பிளும் பேரிக்காயும், அவை பாதி வெந்ததும் பீச், கடைசியில் வாழை. எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினால் கூழாகிவிடும். ஈரமான உள்ளீடு மிளகாயைப் பிளந்து வழியும். பாதாம், திராட்சை, பைன் பருப்பு உங்கள் கை அளவு. பழைய குறிப்புகளில் வரும் அசித்ரோன் என்ற இனிப்புத் துண்டு மட்டும் வேண்டாம். அது பிஸ்னாகா கள்ளியை வெட்டிச் செய்வது. பல பத்தாண்டுகள் வளரும் அந்தச் செடி சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சர்க்கரைப் பாகில் ஊறிய அன்னாசியோ பூசணியோ போதுமானது.

முட்டை நுரையில் தோய்த்துப் பொரிப்பதா வேண்டாமா என்ற வாதம் இந்த ஆண்டும் ஓயவில்லை. புவெப்லா வழக்கம் பொரிப்பதே. நுரை நழுவியதாக வந்த புகாருக்குக் காரணம் மிளகாயின் ஈரம். துடைத்து, மாவில் புரட்டிய பிறகே தோய்க்க வேண்டும்.

விருந்தின் மற்றொரு பண்டமான பொசோலே என்ற சோளமும் இறைச்சியும் சேர்ந்த சூப் பற்றி ஒன்றே ஒன்று. சுண்ணாம்பு நீரில் வெந்த ககவாசிந்த்லே என்ற பெருமணி மக்காச்சோளத்தைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு மணியின் அடிமுனையையும் கிள்ளி எறிய வேண்டும். கிள்ளாத சோளம் பூவாக விரியாது. விரிந்த பின்புதான் உப்பு.

கைகள் கறுக்க அமர்ந்து வால்நட் உரித்த ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் நன்றி. பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு முன்மொழிவுகள். அடுத்த ஆண்டு கொட்டையை விருந்துக்கு முந்தைய நாள் ஓட்டுடன் வாங்கி, அன்று மாலையே எல்லோரும் கூடி உரிப்பது. அசித்ரோனைச் சங்கப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்குவது.