பேஸ்மேக்கரோடும் மாத்திரையோடும் என்னை நடமாட வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

நான் வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறேன். பாடியில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டராக இருந்தேன். இப்போது அதே பட்டறையில் அளவெடுக்கிற வேலை பார்க்கிறேன். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், இதயத் துடிப்பு குறைந்தால் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் என்ற சின்ன மெஷின் இருக்கிறது. அதோடு துடிப்பைச் சீராக வைக்க அமியோடரோன், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். இந்த மூன்றோடும் நான் தெம்பாக வேலைக்குப் போய் வருகிறேன் என்றால் அதற்குப் பின்னால் நிறைய பேர் இருக்கிறார்கள். நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன அந்த இளம் டாக்டருக்கு. என் நாடி ஒரு சமயம் தறிகெட்டு ஓடும். அந்த ஓட்டம் அடங்கும்போது அடுத்த துடிப்பு வராமல் சில விநாடி அப்படியே நின்றுவிடும். கண் இருட்டிக்கொண்டு வருவது அப்போதுதான். "மெஷின் வெச்ச பிறகும் மாத்திரை எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார். "கரண்ட் போனா இன்வர்ட்டர் எடுத்துக்கும் இல்லையாண்ணே? பேஸ்மேக்கர் அப்படித்தான். துடிப்பு குறைஞ்சா அது கொடுக்கும். ஹை வோல்டேஜ் வந்தா இன்வர்ட்டரால என்ன பண்ண முடியும்? அதுக்குத்தான் மாத்திரை" என்றார். வேகத்தை அடக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தால், ஏற்கெனவே நின்று நின்று துடிக்கும் இதயம் இன்னும் மெதுவாகிவிடும். மெஷின் காவலுக்கு இருப்பதால்தான் மாத்திரையைத் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. உறவுக்காரர்கள் இன்றும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். நானும் டாக்டர் சொன்னதைத்தான் அப்படியே சொல்கிறேன். மெஷின் இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்பது அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் இருந்த சகோதரிக்கும் நன்றி. ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் என் மனைவி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தவித்து நின்றபோது, "உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, சொன்னபடியே பார்த்துக்கொண்டார். தோளுக்கு மேல் இடது கையைத் தூக்காமல் சட்டை போடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்த நர்ஸ் அம்மாவை மறக்க மாட்டேன். உள்ளே செருகிய ஒயர் இதயத்தில் நன்றாகப் பிடிக்கும் வரை, சில வாரங்களுக்கு, கை விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் வந்து இதை நினைவுபடுத்துவார்.

அந்த வார்டில்தான் இன்னொரு டாக்டர் ஆர்னே லார்சன் என்பவரைப் பற்றிச் சொன்னார். உடம்புக்குள்ளேயே பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட முதல் மனிதர் இவர்தான், ஸ்வீடன் நாட்டுக்காரர், 1958 அக்டோபரில் வைத்தார்கள். அவருடைய மனைவி எல்சே-மரி டாக்டரையும் இன்ஜினியரையும் விடாமல் போய்க் கேட்டதால்தான் அந்தக் கருவியே உருவானது. இன்ஜினியர் எல்ம்க்விஸ்ட் அதை வார்ப்பதற்கு ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துக்கொண்டாராம். பட்டறைக்காரனான எனக்கு அதைக் கேட்டதும் அந்த மனிதர்மீது அப்படியொரு பாசம் வந்துவிட்டது. அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் வேலை செய்தது. அப்புறம் மாற்றி மாற்றி மொத்தம் 26 கருவிகள் வைத்துக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை அவர் வாழ்ந்தார். பயந்துபோய்ப் படுத்திருந்தவனுக்கு இந்த ஒரு கதை எவ்வளவு தெம்பு கொடுத்தது என்பதை அந்த டாக்டர் அறிந்திருக்க மாட்டார். இதைப் படித்தாவது அறிந்துகொள்ளட்டும்.

மெஷினைச் சோதித்துப் பார்க்கும் டெக்னீஷியன் தம்பிக்கு என்ன சொல்வது! நெஞ்சின் மேல் கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி ஒன்றை வைப்பார். உள்ளே இருக்கிற மெஷின் இத்தனை மாதம் நடந்ததை எல்லாம் திரையில் கொட்டிவிடும். பேட்டரி எவ்வளவு மிச்சம், எத்தனை சதவீதம் அது துடிக்க வைத்தது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் துடிப்பு தறிகெட்டது என்று எல்லாம் வரும். சோதனைக்காகத் துடிப்பைக் கொஞ்சம் ஏற்றுவதற்கு முன்னால், "இப்ப வேகமா அடிக்கும், பயப்படாதீங்க, நான்தான் பண்றேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருப்பார், ஆனாலும் குரலில் அலுப்பு இருக்காது. ஒருமுறை நடுராத்திரியில் பதிவான ஒரு ஓட்டத்தைக் காட்டினார். நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குத் தெரியாமலேயே அப்படி வரும், அந்த நேரத்தில் இதயத்துக்குள் ரத்தம் கட்டினால் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம், பேஸ்மேக்கர் அதைத் தடுக்காது என்றார். வார்ஃபரினை ஏன் விடக் கூடாது என்று அந்தத் திரையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணன் செய்தது பெரிய உதவி. சளி, காய்ச்சல் என்று போய், பக்கத்தில் ஒருவருக்குக் குணம் கொடுத்த அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கே எனக்கும் போதும் என்று கேட்டேன். கடையில் நல்ல கூட்டம். எடுத்துக் கொடுத்திருந்தால் அவருக்கு வியாபாரம் முடிந்திருக்கும். அவரோ, "நீங்க அமியோடரோன் சாப்பிடறவர். இது ரெண்டும் சேர்ந்தா துடிப்புல கோளாறு வரலாம். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோட வேலையும் கூடிடும். உங்க டாக்டரைக் கேக்காம நான் தர மாட்டேன்" என்றார். சீட்டில் இருந்த நம்பருக்கு அவரே போன் போட்டு என் கையில் கொடுத்தார். டாக்டர் வேறு மருந்து சொன்னார். அன்றிலிருந்து வலி மாத்திரையாகவே இருந்தாலும் அவரிடம் காட்டாமல் வாயில் போடுவதில்லை.

அமியோடரோனில் அயோடின் அதிகம் என்பதால் தைராய்டையும், அது கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் கல்லீரலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வார்ஃபரினுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட் வேறு. எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நரம்பு கிடைக்காத என் கையில் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கும் லேப் பெண்ணுக்கு நன்றி. அமியோடரோனுக்கு வெயிலும் ஆகாது, தோல் சீக்கிரம் எரிந்து கருத்துவிடும். சென்னையில் இருந்துகொண்டு வெயிலுக்குத் தப்புவது எங்கே! என்னோடு நடக்கும் நண்பர்கள் எனக்காகவே நடையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

என் முதலாளிக்கு நான் பட்ட கடன் தீராது. ஆர்க் வெல்டிங் மின்சாரம் பேஸ்மேக்கரைக் குழப்பலாம், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதலாளி மீட்டர் டேப்பையும் நோட்டையும் கையில் கொடுத்து, "சைட்டுக்குப் போய் அளவெடுங்க, எஸ்டிமேட் போடுங்க. உங்க கண்ணளவு யாருக்கு வரும்?" என்றார். பட்டறைப் பிள்ளைகளும் அப்படித்தான். நான் வாசலில் தலை காட்டினாலே, "அண்ணே வர்றாரு, மெஷினை ஆஃப் பண்ணுடா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். நெருப்புப் பொறி அடங்கிய பிறகுதான் உள்ளே காலை வைப்பேன். ஆலந்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மெட்ரோவில் போகும்போது, பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டியதும் மெட்டல் டிடெக்டரை நெஞ்சுக்குக் கொண்டுவராமல் கையாலேயே சோதித்து அனுப்பும் காவலர்களுக்கும் நன்றி.

கடைசியாக என் மனைவி. ஏழு நாள் டப்பாவில் மாத்திரையைப் பிரித்து வைப்பதும், வார்ஃபரினின் வேலை ஏறி இறங்காமல் இருக்கக் கீரையை ஒரு வாரம் கூட்டி ஒரு வாரம் குறைக்காமல் ஒரே அளவாகச் சமைப்பதும், ஐ.என்.ஆர். எண்ணைக் காலண்டர் தாளில் குறித்து வைப்பதும் அவள்தான். என்னை எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அவள் அதை டிஸ்சார்ஜ் அன்றே நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இவளுக்கு நன்றி என்ற வார்த்தை போதவே போதாது.

வில்லிவாக்கம், பாடி, கொரட்டூர் பக்கம் யாருக்காவது புதிதாகப் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிப் பயமாக இருந்தால், சாயங்காலம் பட்டறைக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்ததை உட்கார்ந்து சொல்கிறேன். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டவன்,
வில்லிவாக்கம், சென்னை.