ஆண்டறிக்கை: குதிரை வந்த வழியும் போர் போன போக்கும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வரலாற்று வட்டத்தின் இந்த ஆண்டு வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பதினொன்று நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று நின்றுபோனது.

பழைய வணிக வழிகள் போர்முறையை எப்படி மாற்றின என்பதை இந்த ஆண்டு முழுக்கப் பேசுவது என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். பொருள் ரொம்பப் பெரிது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் முதல் கூட்டத்தில் சீனாவில் தொடங்கினோம். ஹான் பேரரசர் வூ, வடக்குப் புல்வெளியின் நாடோடிகளான சியோங்னுக்களின் குதிரைப் படையைச் சமாளிக்க மேற்கே துணை தேடி சாங் சியன் என்பவரை அனுப்பியது கி.மு. 138இல். அவர் திரும்பி வந்து சொன்ன செய்திகளில் ஒன்று மத்திய ஆசியாவில் உள்ள பெர்கானாவின் உயர்ந்த சாதிக் குதிரைகள். அந்தக் குதிரைகளுக்காகவே கி.மு. 104இல் ஒரு படை போய்த் தோற்றுத் திரும்பியது. இரண்டாம் முறை 60,000 பேர் போனார்கள், கிடைத்த முதல்தரக் குதிரைகளோ சில பத்துகள்தான். இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "அப்போ நம்ம பாண்டியருக்குக் குதிரை எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை விட்டு மீதி ஆண்டு முழுக்க நாங்கள் நகரவே இல்லை.

கடல் வழியாகத்தான் வந்தது. பட்டினப்பாலையே "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" என்று சொல்கிறது, ஆக பழக்கம் பழையது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் அது எந்த அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதைப் படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மாபர் என்று அவர்கள் சொன்ன நம் கரைக்கும் காம்பே முதலிய மற்றத் துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்று 220 தினார் என்று எழுதுகிறார். நம் கணக்கு வாத்தியார் உடனே பெருக்கி 22 லட்சம் தினார் என்றார், வஸ்ஸாஃப் கொடுக்கும் மொத்தமும் அதேதான். வழியில் செத்த குதிரைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டிய அரசில் அமைச்சராகவே இருந்தார் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை விற்கும் வீட்டுப் பிள்ளை வாங்கும் அரசனின் அமைச்சர் என்றால், படைக்குத் தேவையான பொருள் அரசியலை எவ்வளவு தூரம் வளைத்திருக்கிறது பாருங்கள்.

மார்க்கோ போலோ சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு அரசனும் ஆண்டுக்கு 2000 குதிரை வாங்குகிறான், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை, லாடம் அடிப்பவர்கள் இங்கே இல்லை, வியாபாரிகள் அவர்களை வரவும் விடுவதில்லை என்கிறார். பாரசீக வளைகுடா வாயிலில் உள்ள ஹோர்முஸ் துறைமுகத்தின் கப்பல்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: இரும்பு ஆணி கிடையாது, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த பலகைகள், சரக்கின் மேல் தோலைப் போர்த்தி அதன் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்கள்.

இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் எது என்றால் ஆடி மாதக் கூட்டம்தான் என்பேன். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரான நம் டாக்டர் அண்ணன் ஒரு பழைய லாடத்தைக் கொண்டுவந்து கைமாற்றிக் கைமாற்றி எல்லோரையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கத்தி மாதிரி ஆகியிருந்தது. இங்கே குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார் போலோ, நெய்யில் பிசைந்த தானியமும் காய்ச்சிய பாலும் என்கிறார் வஸ்ஸாஃப். "குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றில் போனது போனதுதான். மாவுச்சத்து அதிகமானால் வயிறு நோகும், குளம்புக்குள்ளே வீங்கும், அப்புறம் நிற்கவே முடியாது" என்று டாக்டர் அண்ணன் தன் விரல் நகத்தை அழுத்திக் காட்டி விளக்கினார். வயலும் ஈரமும் நிறைந்த நாட்டில் நல்ல மேய்ச்சலும் குறைவு. ஆகக் குதிரை இங்கே பெருகவில்லை, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கியே படையை நிறுத்த வேண்டியிருந்தது.

வடக்கே நிலைமை வேறு. மொராக்கோ பயணி இப்ன் பதூதா பார்த்த 14ஆம் நூற்றாண்டில் புல்வெளி நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் மந்தையாகவே குதிரைகளைச் சிந்துவுக்கு ஓட்டிவந்தார்கள். புல்வெளியில் மலிவாக வாங்கிச் சிந்துவில் நல்ல விலைக்கு விற்றார்கள், கவசம் போர்த்திப் போரிட அந்த உடல்வலு உள்ள குதிரைகளைத்தான் விரும்பினார்கள் என்று எழுதுகிறார். தில்லிக்கு நிலவழி, மதுரைக்குக் கடல்வழி. 1311இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் பாண்டிய நாட்டுக்குள் வந்து 512 யானைகளையும் 5000 குதிரைகளையும் கொண்டுபோனதாகத் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதுகிறார். பொன் கொடுத்துக் கடல் தாண்டி வாங்கிய குதிரைகள் கடைசியில் தில்லிக்குப் போய்ச் சேர்ந்தன. சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற அண்ணன் தம்பிச் சண்டைதான் முதல் காரணம் என்று நம்மில் பலர் வாதிட்டார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் குதிரைக் கணக்கை விட்டுவிட்டு அந்தத் தோல்வியைப் பேச இனி எனக்கு மனம் வராது.

விஜயநகரத்துக்கு இரண்டு கூட்டம் கொடுத்தோம். சாளுவ நரசிம்மர் கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்தாலும் விலை கொடுத்தார், விஜயநகர அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரை வாங்கினார் என்று நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியர் எழுதியிருக்கிறார். 1510இல் போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்த பிறகு குதிரை வரும் வாசல் போர்ச்சுக்கீசியர் கையில். 1520 ராய்ச்சூர்க் கோட்டை முற்றுகையில் கிருஷ்ணதேவராயருக்கு உதவிய போர்ச்சுக்கீசியர் ஃபிகெய்ரெதோ, குதிரை வியாபாரத்துக்காக விஜயநகரம் வந்தவர். அவருடைய இருபது பேர் துப்பாக்கியால் மதில் மேலிருந்தவர்களைச் சுட்டு விரட்ட, கீழே ராயரின் ஆட்கள் கடப்பாரையால் சுவரைப் பெயர்த்தார்கள். குதிரை வந்த அதே வழியில் துப்பாக்கியும் வந்து சேர்ந்துவிட்டது.

தை மாதம், பாண்டியருக்குக் குதிரை வந்திறங்கிய காயல் துறைமுகம் இருந்த பழையகாயல் போய்வந்தோம். ஏற்பாடு செய்த வேன் ஒன்றரை மணி நேரம் தாமதம், முன்பணத்தில் பாதிதான் திரும்பியது, வருத்தம்தான். பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை தூர்ந்து கடல் விலகியதும் காயல் வந்தது, தாமிரபரணி வண்டலில் காயலும் தூர்ந்தது. இன்று சுற்றிலும் உப்பளம். கால்டுவெல் அங்கே சீனப் பீங்கான் துண்டுகளைப் பார்த்திருக்கிறார், எங்களுக்குக் கிடைத்தது சாதாரணச் சிவப்பு ஓடு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். குதிரைகள் இறங்கிய கரை எது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாத அந்த வெட்டவெளியில் வெகுநேரம் நின்றோம்.

அடுத்த ஆண்டு ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை நடக்கும் ஊர், அங்குள்ள குதிரைச் சிற்பங்களின் சேணத்தையும் கடிவாளத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் மாசிக் கூட்டத்துக்குள் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பாருங்கள். லாடத்தை டாக்டர் அண்ணன் நம் நூலக அலமாரிக்கே கொடுத்துவிட்டார், அவருக்கு நன்றி.

செயலாளர்