எரிக் ஹார்ட்மனுக்கு ஒரு கடிதம்

திரு. எரிக் ஹார்ட்மன் அவர்களுக்கு,

உங்களைப் பற்றி எங்கே படித்தாலும் 352 என்ற எண்தான் முதலில் வருகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் போர் விமானியாக நீங்கள் வீழ்த்திய விமானங்கள். இன்றுவரை அதைத் தாண்டியவர் இல்லை. ஆனால் அந்த எண்ணை என்னால் கொண்டாட முடியவில்லை. 345 சோவியத் விமானங்கள், 7 அமெரிக்க விமானங்கள். தங்கள் நாட்டுக்குள் புகுந்த படையை எதிர்த்துப் பறந்த பையன்கள்தானே அந்த 345-இல் இருந்தவர்கள். உங்களுக்கு வைரம் பதித்த விருதைக் கொடுத்தது ஹிட்லர். இதைச் சொல்லாமல் உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்னை எழுத வைத்தது உங்கள் விங்மேன்கள். போர் விமானங்கள் ஜோடியாகத்தான் போகும். முன்னால் போகிறவர் தாக்குவார், பின்னால் வருகிறவர் அவருடைய முதுகைப் பார்த்துக்கொள்வார். 1,400-க்கும் மேற்பட்ட முறை பறந்தும், அப்படிப் பின்னால் வந்த ஒருவரைக்கூட நீங்கள் சாகவிடவில்லை. குந்தர் காபிட்டோ குண்டுவீச்சு விமானத்திலிருந்து மாறி வந்தவர். அகலமாகத் திரும்பியே பழகிய கை. எதிரி பின்னால் ஒட்டிக்கொண்டபோது அவரால் இறுக்கித் திருப்ப முடியவில்லை. குதித்துவிடு என்று வானொலியில் சொன்னீர்கள். குதித்தார், பாராசூட்டில் உயிரோடு இறங்கினார். விமானம்தான் போயிற்று.

அப்புறம் 1945 மே 8. காலையில் செக் நாட்டு நகரான பிர்னோவுக்கு மேலே உங்கள் கடைசி வான்போர். உங்களையும் உங்கள் படைப்பிரிவின் தலைவர் ஹெர்மன் கிராஃபையும் மட்டும் மேற்கே பறந்துபோய்ப் பிரிட்டிஷாரிடம் சரணடையச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ரஷ்யர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் இருவரும் போகவில்லை. விமானங்களைக் கொளுத்திவிட்டு, உடனிருந்த வீரர்களோடும், அகதிகளாக வந்து சேர்ந்த பெண்கள், குழந்தைகளோடும் போய் அமெரிக்கர்களிடம் சரணடைந்தீர்கள். அவர்களோ உங்களை சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள். பத்து ஆண்டுகள் சிறை.

அதே மே மாதம் உங்கள் மகன் பிறந்தான். விமானத்தின் பக்கவாட்டில் இதயம் வரைந்து 'உஷ்' என்று மனைவியின் செல்லப் பெயரை எழுதி வைத்திருந்தீர்களே, அவர் நீங்கள் இல்லாமலே அவனைப் பெற்று வளர்த்தார். நீங்கள் சிறையில் இருக்கும்போதே, சின்னஞ்சிறு வயதில் அவன் இறந்துபோனான். அவன் முகத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. அன்று மேற்கே பறந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று எத்தனை இரவுகள் நினைத்திருப்பீர்கள்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

1955-இல் விடுதலையாகி வந்து, மேற்கு ஜெர்மனியின் விமானப்படையில் சேர்ந்தீர்கள். அமெரிக்கப் போர் விமானமான எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை அந்தப் படை வாங்கியபோது, நம் விமானிகள் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்று எதிர்த்தீர்கள். அதனால் மேலதிகாரிகளோடு மனக்கசப்பு. 1970-இல் முன்கூட்டியே ஓய்வு. ஜெர்மனி வாங்கிய அந்த விமானங்களில் 116 விமானிகள் இறந்தார்கள். போர் இல்லாத காலத்தில், எந்த எதிரியும் சுடாமல், 116 பேர்.

இப்படிக்கு,
உங்கள் கதையை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவன்