பச்சையா சிவப்பா என்று கேட்டிருந்தாயே

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூலண்ட் டேங்கில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் நிற்கும் டேங்கில், இருப்பது பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்னமோ ஒன்று. "பச்சை வாங்கவா சிவப்பு வாங்கவாப்பா, ஒரு வார்த்தையில் சொல்லு" என்று கீழே எழுதியிருக்கிறாய். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், நிறத்தைப் பார்த்து வாங்காதே. கூலண்டின் அடிப்படைத் திரவமான எத்திலீன் கிளைக்காலுக்கு நிறமே கிடையாது. எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரியட்டும், யாரும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது என்று சாயம் கலக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு கம்பெனி பச்சை போடுவதை இன்னொரு கம்பெனி ஆரஞ்சாகப் போடும். நிறம் ஒன்றாக இருந்து உள்ளே துருத்தடுப்பு மருந்து வேறாகவும் இருக்கும்.

இதை நான் புத்திசாலித்தனமாகக் கற்றுக்கொள்ளவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம்மிடம் இருந்த வண்டியில் கூலண்ட் கொஞ்சம் குறைந்திருந்தது, கையில் கிடைத்த டப்பாவை ஊற்றினேன். உள்ளே பச்சை, நான் ஊற்றியது ஆரஞ்சு. எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை, நானும் மறந்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே போனது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது. ஆறவிட்டு மூடியைத் திறந்து விரலை விட்டேன், பழுப்பாகச் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ரேடியேட்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. எல்லாக் கலவையும் இப்படிக் கட்டிப்போகாது என்பதும் உண்மைதான். ஆனால் கட்டாவிட்டாலும் துருத்தடுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பழைய முறை ஒன்று இருக்கிறது, ஐ.ஏ.டி என்பார்கள். சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின் மேல் எல்லா இடத்திலும் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரமே தீர்ந்தும் போகும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுத்தது ஓ.ஏ.டி, அதாவது கரிம அமிலம் கலந்தது. துரு எங்கே தொடங்குகிறதோ அங்கே மட்டும் போய் வேலை செய்யும், அதனால் ஐந்து வருஷம் போலத் தாங்கும். இரண்டையும் கலந்து செய்தது ஹெச்.ஓ.ஏ.டி. டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

உன் வண்டிக்கு எது என்பதை ரேடியேட்டரைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். மேலே இருக்கும் தொட்டி கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் நடுப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். தொட்டியே பித்தளையாக இருந்து ஓரங்களில் ஈயப் பற்று வைத்திருந்தால், அது செம்பும் பித்தளையும் சேர்ந்த பழைய வகை. அதற்கு ஓ.ஏ.டி வேண்டாம், ஈயப் பற்றைக் காப்பாற்றுவதில் அதை நம்ப முடியாது, பழைய ஐ.ஏ.டியே போதும். "ஐந்து வருஷம் கவலையில்லை" என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்படாதே. பிளாஸ்டிக் தொட்டி என்றால் கையேட்டில் எந்த வகை சொல்லியிருக்கிறதோ அதையே வாங்கு.

உனக்கு விற்றவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்கிறாய். அப்படியானால் மேலே ஊற்றி நிரப்பும் பேச்சே வேண்டாம், முழுக்க வடித்துவிட்டுத் தொடங்கு. இன்னொரு விஷயம், கூலண்டைச் சோதிக்கும் அளவுமானியை விட்டுப் பார்த்து "இன்னும் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது கிளைக்கால் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும், கிளைக்கால் எளிதில் கெடுவதில்லை. கெடுவது துருத்தடுப்பு மருந்து.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதே. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது, மூடியைத் திருகிய நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ராத்திரி நிறுத்தினால் காலையில் திற. துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பதெல்லாம் வீரம் பேசுகிறவர்கள் சொல்வது.

ரேடியேட்டரின் அடியில் ஒரு டிரெயின் பிளக், அதாவது வடிப்பதற்கான அடைப்பான், இருக்கும். பழைய வண்டியில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், முரட்டுத்தனமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். வரவில்லை என்றால் விட்டுவிட்டு, கீழ் ஹோஸைக் கழற்றி வடி. ஹோஸை அமுக்கியும் பார், விறைத்துப்போயிருந்தாலோ கொழகொழவென்று இருந்தாலோ இப்போதே மாற்றிவிடு, இன்னொரு தடவை இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் வைத்துக்கொள், அந்தக் குழாயிலும் பழையது நிற்கும். தண்ணீர் விட்டு, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, மறுபடி. தெளிவாக வரும்வரை. கடைசித் தடவை மட்டும் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே பாறை மாதிரி படியும்.

இனிமேல்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். நீ எவ்வளவு வடித்தாலும் இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் நிற்கும். மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர், வடிந்தது 4 லிட்டர் என்று வைத்துக்கொள், அப்போது 3 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்து விற்கும் டப்பாவை வாங்கி 4 லிட்டர் ஊற்றினால், அதில் கூலண்ட் 2 லிட்டர்தான், மொத்தத்தில் 30 சதவீதம்கூட வராது. அதனால் கலக்காததை வாங்கு. 7-ல் பாதி மூன்றரை லிட்டர், அதை முதலில் ஊற்று, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர். "கூடப் போட்டால் இன்னும் நல்லதுதானே" என்று முழுக்கக் கூலண்டையே ஊற்றாதே, தண்ணீர் அளவுக்கு அது சூட்டை இழுக்காது. உறைவதிலும் பாதிக்குப் பாதி கலவை கிட்டத்தட்ட மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும், தனிக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்.

மெதுவாக ஊற்று, குளுக் குளுக் என்று காற்று வெளியே வரும். உன் வண்டியில் காற்று விடும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை அதைத் திறந்து வை. அப்புறம் ஆறிய இன்ஜினை, மூடியைத் திறந்தபடியே ஓடவிடு. மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரு, ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது, திடீரென்று சுடும். சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கும். அந்த நேரம் மட்டம் மளமளவென்று இறங்கும், இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடிவிடு. ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் உள்ளே காற்று அடைக்கவில்லை.

வடித்ததை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதே. அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். கேனில் மூடி வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடு. தரையில் சிந்தியதையும் கழுவிவிடு.

ஒரு வாரம் தினமும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் டேங்கைப் பார். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்குவது சாதாரணம். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் ஆயில் மூடியைத் திறந்து பார், அடியில் வெள்ளையாக நுரை படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு, போயிருக்கலாம். வண்டியை எடுக்காதே, எனக்குப் போன் பண்ணு. ஒழுகலை அடைக்கும் பொடி என்று யாராவது எதையாவது நீட்டுவார்கள், வாங்காதே, அது ஒழுகலோடு சேர்த்து ஹீட்டரையும் அடைக்கும்.

இப்போதைக்கு இரண்டு போட்டோ அனுப்பு. ஒன்று கையேட்டில் கொள்ளளவு போட்டிருக்கும் பக்கம், இன்னொன்று ரேடியேட்டரின் மேல் தொட்டி, வெளிச்சத்தில் எடு. லிட்டர் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அதுவரை எதையும் ஊற்றாதே.

அப்பா