டிவி ஓலையைப் படித்தவளுக்குக் கல்வெட்டு படிக்க வரவில்லை

இரவு ஒன்பது மணிச் சோழர் தொடரின் தயாரிப்பாளருக்கும், கதை, வசனம், கலை இயக்கம் பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் உங்கள் தொடரைப் பார்க்கிறார்கள். அவர்களோடு பேச வேண்டுமே என்று நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

போன மாதம் வந்த ஓலைக் காட்சியை நான் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. இராசராசன் கையில் ஓலை, கேமரா நெருங்குகிறது, தலைப்பில் ‘திருமந்திர ஓலை’, கீழே எட்டு வரி. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு நேரமும் கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனேன். விமானத்தின் அடியில் நிறுத்தி, இராசராசன் வெட்டச் சொன்ன எழுத்து இதுதான் என்றேன். ஒரு பெண் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“சார், இது தமிழ் இல்லையே.”

“தமிழ்தாம்மா.”

“இல்ல சார். ராஜா எழுதின ஓலையை டிவில நானே படிச்சேன். இதுல ஒரு எழுத்துகூட வரல. வேற யாரோ வெட்டிட்டுப் போயிருக்காங்க.”

அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சான்றைப் பார், ஒப்பிடு, பிறகு பேசு என்று வகுப்பில் கரடியாகக் கத்துகிறேன். அவள் அதைத்தான் செய்தாள். சான்றுதான் பொய்யாகப் போய்விட்டது.

‘ஓலை’ என்ற அந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாடு, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்றுதான் பாடம் சொல்கிறோம். அடுத்து இருக்கும் ‘லை’ இன்னும் இளையது. நான் ஒன்றாம் வகுப்பில் தும்பிக்கை தூக்கிய பழைய லைகாரம் எழுதி, 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபின் மாற்றி எழுதப் பழகியவன். ஆக, 1014இல் மறைந்த மன்னர் 964 வருடம் கழித்து வரப்போகும் அரசாணையை முன்கூட்டியே அமல்படுத்தியிருக்கிறார். புள்ளி வைக்கவும் அவர் மறக்கவில்லை. சோழர் கல்வெட்டில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி தேடிக் கண் வலித்தவர்களுக்கு அது புரியும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். படப்பிடிப்புக்குப் போகுமுன், கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

செலவு என்பீர்கள். சோழர் எழுத்தில் ஓலை எழுதினாலும் அதே ஓலைதான், அதே மைதான். படிக்கிறவர்களுக்குக் கீழே ஒரு வரி ஓடவிடுங்கள். ‘முழுக்கக் கற்பனையே’ என்று முதலிலேயே போடுகிறோமே என்பீர்கள். போடுகிறீர்கள், மூன்று நொடி. அது மறைவதற்குள் ‘இது நம் முன்னோரின் உண்மை வரலாறு’ என்று ஒரு கம்பீரக் குரல் வந்துவிடுகிறதே! இரண்டில் எதை நம்ப?

அரண்மனை அடுக்களையில் மிளகாய் வற்றல் தாளிக்கும் வாசனை எங்கள் வீடு வரை வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல். போர்ச்சுக்கீசியர் வழியாகத்தான் மிளகாய் இங்கே வந்தது. மிளகைத் தெரிந்தவர்கள் புதிதாக வந்த காய்க்கு வைத்த பெயர்தானே அது? கூடையில் தக்காளி வேறு. ‘ஒரு நிமிடம் பொறுங்கள், இளவரசி’ என்கிறார் தளபதி. நாழிகைக் கணக்கு இருந்த ஊரில் அவருக்கு மட்டும் யாரோ கைக்கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குக் கோபத்தைவிட ஆதங்கம்தான் அதிகம். கதைக்குப் பஞ்சமா உங்களுக்கு? பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிசெய்யும் பெண்களைத், தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியதை அதே கோயிலில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, அங்கே யார் என்பது வரை இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீட்டில் நக்கன் சேரமங்கை. சம்பளம், பங்கு ஒன்றுக்கு நெல் நூறு கலம். சொந்த ஊரை விட்டு வந்து புதுத் தெருவில் முதல் வீட்டில் குடியேறிய அந்தப் பெண்ணை வைத்தே நூறு பகுதி ஓட்டலாம். நீங்களோ மாமியார் மருமகள் சண்டைக்குக் கிரீடம் வைத்துவிட்டீர்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன? கும்பாபிஷேகம் என்றால் கல்வெட்டு மேலேயே பெயின்ட் அடிக்கிற ஊர் இது. மணலை வீசியடித்துச் ‘சுத்தம்’ செய்ததில் எழுத்தே மழுங்கிப்போன சுவர்கள் எத்தனை! அடித்தவரிடம் கேட்டால், ‘யார் சார் இதைப் படிக்கிறா?’ என்பார். படிக்க ஆளில்லாமல் போனதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம். உங்களிடம் கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

அன்று அந்தப் பெண்ணோடு அரைமணி நேரம் கல்வெட்டின் முன் உட்கார்ந்தேன். ‘ட’வைத் தானே கண்டுபிடித்தாள், பிறகு ‘ப’. மூன்றாவது வரியில் இன்னொரு ‘ட’வைப் பார்த்ததும் துள்ளினாள். திரும்பும்போது கேட்டாள், “அப்ப டிவில வந்தது யாரு சார் எழுதினது?” எனக்குப் பதில் தெரியவில்லை.

தயவுசெய்து, அடுத்த ஓலையை எழுதுமுன் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தஞ்சையிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்வெட்டியல் துறையோடு. கேட்டால் மறுக்க மாட்டார்கள். அங்கே போக நேரமில்லை என்றால், எட்டு வரியை எனக்கு அனுப்புங்கள்; ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்குத் தெரிந்த மட்டும் சோழர் எழுத்தில் எழுதித் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். அடுக்களைக் காட்சியில் அந்த மிளகாய்த் தட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்