லைட் அணையும் வரை இருங்கள், அண்ணாச்சி

நெல்லை, பாளையங்கோட்டை வட்டாரத்தில் கீசர் பழுது பார்க்கும் அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உங்கள் போன் ஓயாது என்று தெரியும். ஒரு வீட்டில் மூடியைக் கழற்றும்போதே அடுத்த வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். அந்த அவசரத்தைப் பற்றித்தான் இந்த மடல். பழுதைச் சரியாகவே கண்டுபிடிக்கிறீர்கள். பழுது பார்த்த பிறகு வருகிற பழுதுதான் எங்களைப் படுத்துகிறது.

பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டுக்கு போர் தண்ணீர். சுண்ணாம்பு அப்பி ஹீட்டர் காயில் போய்விட்டது. வந்தவர் புதுசு மாட்டினார், லைட் எரிவதைக் காட்டினார், காசை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அப்புறம் பார்த்தால் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும், திடீரென்று கீசர் நின்றுபோகும். கட்-அவுட் பட்டனை அமுக்கினால் ஓடும், மறுபடி நிற்கும். போனில் கேட்டதற்கு, "கட்-அவுட் வீக்கா இருக்கு, அதைத் தூக்கிட்டு நேரா கொடுத்திருதேன்" என்றார்.

குரைக்கிற நாயை அடித்து விரட்டினால் திருடன் போய்விடுவானா? சூடு ஏறியதும் கரண்டை நிறுத்த வேண்டியது தெர்மோஸ்டாட். அது தவறினால் நிறுத்தத்தான் கட்-அவுட். அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சேஃப்டி வால்வு ஒன்றுதான். அது உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். சொட்டுகிறதென்று யாராவது அதை அடைத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும், அப்படிச் செய்கிறவர்களும் உங்களில் உண்டு. பிறகு உள்ளே ஏறுகிற அழுத்தம் எங்கே போகும்? டேங்க் வெடிக்கும். குளியலறையில் நிற்கிறது யார் வீட்டுப் பிள்ளையோ.

எங்கள் கீசரில் கோளாறு தெர்மோஸ்டாட்டின் தண்டில் இருந்தது. வேறொரு தம்பி வந்து மூடியைத் திறந்ததும் காட்டினார்: அது தன் குழாய்க்குள் முழுக்க இறங்காமல் பாதியில் நின்றது. தண்ணீர் சூடானது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் கட்-அவுட் விழுந்துவிடும். அழுத்தி உள்ளே தள்ளினார், அவ்வளவுதான். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெறும் டேங்கில் புதுக் காயிலும் கருகிவிடும். 2000 வாட் காயில் மீட்டரில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். 15 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற 17 நிமிடம் போலத்தான் ஆகும். தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தி லைட் தானாக அணையும் வரை இருந்து பாருங்கள். லைட் சரியான நேரத்தில் அணைந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தால் குழாய்களைப் பாருங்கள். நீல வளையத்தில் குளிர்ந்த தண்ணீர் நுழைய வேண்டும், சிவப்பில் வெந்நீர் வெளியேற வேண்டும். கழற்றி மாட்டும்போது இது மாறிவிட்டால் வீட்டுக்காரர் புதுக் காயிலைத்தான் சந்தேகப்படுவார், உங்கள் பெயர்தான் கெடும்.

காயிலைச் சுற்றி இருக்கிற கேஸ்கெட் வளையம் கசிந்தால் ஈரம் வயர் மாட்டுகிற டெர்மினலில் இறங்கும், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. விழும். அதை பைபாஸ் பண்ணாதீர்கள். டெர்மினல் ஏறத்தாழ 9 ஆம்பியர் ஓடுகிற இடம், அங்கே ஸ்க்ரூ லூசாக இருந்தால் வயர் உருகும். எர்த் வயரைத் தொங்கவிட்டுப் போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

டேங்கைத் திறந்ததுதான் திறந்தீர்கள், மெக்னீசியக் கம்பி இருக்கிற மாடலாக இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமலிருக்க அது கரைகிறது. நம் போர் தண்ணீரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், அடுத்த வீட்டுக்காரர் திட்டுவார், சரி. காத்திருக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள். ஐம்பது ரூபாய்க்கு வாசலில் நின்று பேரம் பேசுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள்தான். ஆனால் தண்ணீர் சூடாகி லைட் தானாக அணைவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தக் காசைக் கொடுத்துவிடுவார்கள். கழற்றிய பாகத்தை எங்களிடமே கொடுங்கள். எதை மாற்றினீர்கள், என்றைக்கு மாற்றினீர்கள் என்று கீசர் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்து வருகிறவர் உங்கள் ஆளாகவே இருந்தாலும் அவருக்கு அது வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பெருமாள்புரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்