டி.சி. கொடுப்பதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

உன் பள்ளிக்கூடத்துப் பிளஸ் ஒன் பையனின் பையில் குவாட்டர் பாட்டில் இருந்ததையும், திங்கட்கிழமை கூட்டத்தில் அவனுக்கு டி.சி. கொடுப்பது பற்றிப் பேசப் போகிறார்கள் என்பதையும் நேற்று சொன்னாய். போனில் அவசரமாகப் பேசுகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

"ஒரு குவாட்டர்தானே" என்று ஒருவர் சிரித்தாராமே, அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டு. 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். ஒரே தடவையில் அவ்வளவு உள்ளே போனாலே அளவு மீறிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பசங்களோ ஆள் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று மடமடவென்று குடிப்பவர்கள். 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாங்கிக் கொடுக்க ஓர் அண்ணன் எப்போதும் கிடைப்பான்.

அந்த அண்ணன் யார் என்று விசாரித்துப் பார். நான் வேலை பார்த்த ஊர்களில் அவன் பெரும்பாலும் அதே பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன்தான். டி.சி. வாங்கிய பையன் நேராக அவனிடம்தான் போவான். அப்புறம் யார் தடுப்பது?

1997இல் அமெரிக்காவில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் சுமார் 12,000 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாத்தியார்கள் நியாயமாக நடத்துகிறார்கள், இது என் பள்ளிக்கூடம் என்று நினைத்த பிள்ளைகளிடம் குடியும் சிகரெட்டும் குறைவாக இருந்தன. வீட்டோடு ஒட்டுதலாக இருந்தவர்களிடமும் அப்படித்தான். பள்ளி கசந்து குடிக்கிறானா, குடித்ததால் பள்ளி கசக்கிறதா என்று நீ கேட்பாய். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், கண்ணு.

அந்தப் பையனுக்குக் கேட்ட குரூப் கிடைக்கவில்லை. நூறு சதவீத ரிசல்ட்டைக் கெடுக்கப் போகிறவன் என்று அவன் காதுபடவே பேசுகிறார்கள். கபடி நன்றாக ஆடுவான் என்கிறாய், ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். (எல்லா ஊரிலும் இந்தக் கொள்ளை நடக்கிறது.) அவன் பள்ளிக்கு வர என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கட்டும், பள்ளிக்கூடத்துக்குள் வைத்துக் கொடுக்கட்டும். டி.சி. வேண்டாம் என்று நீ ஒருத்தி எழுந்து சொன்னால் புதுசா வந்த டீச்சருக்கு என்ன தெரியும் என்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிடு. கபடி டீமை விட்டு அவனை எடுக்கவும் விடாதே. அடிக்கடி குடிக்கிறான் என்று தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். 14416 என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

வீட்டுக்குச் சொல்லும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள், அப்பா கை நீட்டுகிறவரா என்று. அப்படியானால் அம்மாவையோ தாய்மாமனையோ முதலில் வரச் சொல். கூட்டம் முடிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா